38,000 வாக்குமூலங்களை என்ன செய்வது?

போன செமஸ்டரில் கம்பெனி சட்டம் எடுக்கும் சார் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார். "ஒரு கம்பெனி தன்னோட கணக்குப் புத்தகங்களை எத்தனை வருஷம் வச்சிருக்கணும்?" கடைசி பெஞ்சிலிருந்து "ஆயுசு பூரா சார்" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே போர்டில் 8 என்று எழுதினார். குறைந்தது 8 நிதியாண்டுகள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 128. அதற்கப்புறம் எடைக்குப் போடலாம், கொளுத்தலாம், சும்மா பரணில் போட்டும் வைக்கலாம்.

எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. கணக்குப் புத்தகத்துக்கு 8 வருஷம், சரி. ஒரு வயதான அம்மா ஒரு அறைக்குள் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தை விசாரணை அதிகாரி ஒருவரிடம் சொல்கிறார். அது டேப்பில் பதிவாகிறது. அந்த டேப்பை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்? அது யாருடையது? சொன்னவருடையதா, கேட்டவருடையதா, அரசாங்கத்துடையதா, இல்லை வரலாற்றுடையதா?

தேடிப் படித்துக்கொண்டே போனதில் கனடாவில் போய் நின்றேன். கனடா என்றால் எனக்கு அதுவரை பனி, நயாகரா, ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழ்க் கடைகள், அவ்வளவுதான். இந்தக் கேள்விக்காகவே அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பின்னணி. 1880களிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை, நூறு வருஷத்துக்கும் மேலாக, கனடா அரசாங்கம் பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து வைத்தது. பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளுடையது. கத்தோலிக்கம், ஆங்கிலிக்கன் எல்லாம் உண்டு. இவற்றுக்கு 'இந்தியன் ரெசிடென்ஷியல் ஸ்கூல்' என்று பெயர். இந்தியன் என்றதும் நம்மை நினைத்துவிடாதீர்கள். கொலம்பஸ் திசை தெரியாமல் செய்த குழப்பம் அது, அதற்கு இன்னும் பரிகாரம் இல்லை.

சுமார் 1,50,000 குழந்தைகள் இந்தப் பள்ளிகள் வழியாகப் போயிருக்கிறார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. முடி வெட்டப்பட்டது. பல இடங்களில் பெயருக்குப் பதில் எண். ஆயிரக்கணக்கானவர்கள் காசநோய் போன்றவற்றால் செத்துப்போனார்கள். 1907லேயே பீட்டர் பிரைஸ் என்ற அரசாங்க மருத்துவ அதிகாரி இந்தப் பள்ளிகளின் சுகாதார நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்துவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதெல்லாம் வெளியே தெரிந்த கொடுமை. வெளியே தெரியாதது இன்னொன்று இருந்தது. ஆசிரியர்கள், துறவிகள், விடுதி ஊழியர்கள் என்று பலரும் அந்தக் குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சிதைத்திருந்தார்கள்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்தும் வாயைத் திறக்கவில்லை. 1990 அக்டோபரில் ஃபில் ஃபொன்டேன் என்பவர் தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். அப்போது அவர் மானிடோபா மாகாணத்தின் பூர்வகுடித் தலைவர்கள் அமைப்புக்குத் தலைவர். தான் படித்த பள்ளியில் தனக்கே நடந்தது என்று நாடு முழுக்கப் பார்க்கச் சொன்னார். அதுவரை பேசாமல் இருந்த பலருக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

பின்னால் பெரிய வழக்குக்கு இவர் பெயர்தான் வந்தது. ஃபொன்டேன் எதிர் கனடா. வெளிப்படையாகப் பேசிய மனிதரின் பெயரில் நடந்த வழக்கில்தான், பேச விரும்பாதவர்களின் உரிமை என்ன என்ற கேள்வியும் கடைசியில் வந்து விழுந்தது.

90களில் வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு அங்கே வேறு ஒரு நரகம். அரசாங்க வக்கீல், சபை வக்கீல் இரண்டு பேரும் குறுக்கு விசாரணை செய்வார்கள். "நீங்கள் குடிப்பீர்களா?", "அந்த வருஷம் நீங்கள் அந்தக் கட்டிடத்தில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்கிற ரகத்தில் கேள்வி போகும். 8 வயதில் நடந்ததை 50 வயதில் தேதி வாரியாகச் சொல்ல வேண்டும். வழக்கு முடிவதற்குள் வாதி இறந்துபோவதும் நடந்தது.

2006ல் எல்லாரும் சேர்ந்து ஒரு சமரச ஒப்பந்தம் போட்டார்கள். 2007 செப்டம்பர் 19 முதல் அது அமலுக்கு வந்தது. அதில் மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, பள்ளியில் இருந்த எல்லாருக்கும் பொதுவான தொகை: முதல் வருஷத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000. இரண்டு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். மூன்றாவதுதான் நம் கதை. பாலியல் கொடுமைக்கும் கடுமையான உடல் கொடுமைக்கும் ஆளானவர்களுக்கென்று தனியாக ஒரு விசாரணை முறை. 'சுயேச்சை மதிப்பீட்டு முறை' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த முறையை வடிவமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இது கோர்ட் மேற்பார்வையில் நடந்தது, ஆனால் கோர்ட் மாதிரி இருக்காது. பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அனுமதி இல்லை. ஒரு சிறிய அறை. அதில் சுயேச்சையான தீர்ப்பாளர் ஒருவர். கேள்வி கேட்பது அவர்தான், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று மடக்க முடியாது. பக்கத்தில் மனநல உதவியாளர். வேண்டுமானால் தன் இனத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வரலாம், தங்கள் வழக்கப்படி சடங்கு செய்துவிட்டு ஆரம்பிக்கலாம். சத்தியம் பைபிள் மேல்தான் என்று இல்லை, கழுகு இறகைக் கையில் பிடித்தும் செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரும் தன் தரப்பைச் சொல்லலாம், ஆனால் தனியாக. சொன்னவரும் செய்தவரும் நேருக்கு நேர் உட்கார வேண்டியதில்லை.

விசாரணை முழுக்க ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அறைக்குள் இருந்தவர்கள், கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதிக்கப்பட்டவர் மட்டும் தன் கதையையும் தனக்குக் கிடைத்த தீர்ப்பையும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இழப்பீட்டைக் கணக்கிட்ட விதம். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை இருக்கிறது. எந்த வகைக் கொடுமைக்கு எத்தனை புள்ளி, அதனால் பிற்கால வாழ்க்கை எந்த அளவு பாழானது என்பதற்கு எத்தனை புள்ளி என்று எல்லாம் அதில் உண்டு. கூட்டிப் பார்த்து, மொத்தப் புள்ளி எந்த வரம்புக்குள் வருகிறதோ அதற்கேற்ற டாலர். உச்சவரம்பு 2,75,000. வருமான இழப்பை நிரூபித்தால் அதற்கு மேல் தனி. தேய்மானம் கணக்கிடுகிற மாதிரியே இருக்கிறது. முதலில் படித்தபோது குமட்டியது. பிறகு யோசித்தால், ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அளவுகோலை வைக்க வேறு என்ன வழி என்றும் தெரியவில்லை.

ஆனால் அந்த அட்டவணைக்கு ஒரு பக்க விளைவு உண்டு. புள்ளி வேண்டுமானால் விவரம் வேண்டும். "எனக்குக் கெட்டது நடந்தது" என்று சொன்னால் போதாது. யார், எங்கே, எத்தனை தடவை, எப்படி, அதற்குப் பிறகு குடிப்பழக்கம் வந்ததா, தற்கொலைக்கு முயன்றீர்களா, கணவன் மனைவி உறவு எப்படி இருந்தது என்று எல்லாமே சொல்லியாக வேண்டும். கூடவே மருத்துவக் குறிப்புகள், பள்ளிக்கூட ரெக்கார்டு, வருமான வரி ரெக்கார்டு. ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு விவரம் ஒரே ஃபைலில் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன். இன்னொன்று, அந்த ஃபைலில் இருப்பது அவர் ஒருவர் மட்டும் இல்லை. பெரிய மாணவர்கள் சின்ன மாணவர்களுக்குச் செய்த கொடுமைகளும் இந்த விசாரணையில் வந்தன. அவர்களும் அதே ஊர். சில நூறு பேர் இருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இன்னொருவர் ஃபைலில் இருக்கும். அவருடைய ஃபைலில் வேறு யாருடைய பெயரோ இருக்கும்.

12,500 விண்ணப்பங்கள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். கடைசித் தேதியான 2012 செப்டம்பர் 19 வரை வந்தது 38,000க்கும் மேல். 26,000க்கும் அதிகமான விசாரணைகள் நடந்தன. கொடுத்த பணம் 300 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வி எழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு இந்த ஃபைல்களையும் டேப்களையும் என்ன செய்வது?

ஒரு பக்கம் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அதன் தலைவர் நீதிபதி மரே சின்க்ளேர். இவரும் பூர்வகுடி வம்சத்தவர். 2024ல் காலமானார். இந்த ஆணையம் தனியாக 6,500க்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. அங்கே பேசியவர்களுக்குத் தேர்வு இருந்தது. ஆயிரம் பேர் பார்க்க மேடையிலும் பேசலாம், தனி அறையிலும் பேசலாம். அந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் அழுது கண் துடைத்த காகிதங்களைக் குப்பையில் போடுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, வெளியே எரியும் புனித நெருப்பில் போடுவார்கள்.

ஆணையத்தின் வாதம் இது. இந்த 38,000 ஃபைல்களும் வரலாற்றில் வேறெங்கும் கிடைக்காத சாட்சியம். இவற்றை அழித்தால், நாளைக்கு "அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை" என்று ஒருவன் எழுந்து நின்று சொல்வான். எனவே வின்னிபெக்கில் மானிடோபா பல்கலைக்கழகத்தில் அமையும் தேசிய ஆவண மையத்துக்கு இவை போக வேண்டும்.

அரசாங்கத்தின் வாதம் வேறு. இவை எங்கள் கட்டுப்பாட்டில் உள்ள அரசு ஆவணங்கள், நூலக மற்றும் ஆவணக் காப்பகச் சட்டம், தனியுரிமைச் சட்டம் எல்லாம் இவற்றுக்குப் பொருந்தும், அந்தச் சட்டங்கள் போதுமான பாதுகாப்பு தரும் என்றது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கனடாவின் தனியுரிமைச் சட்டப்படி ஒருவர் இறந்து 20 வருஷம் ஆகிவிட்டால் அவரைப் பற்றிய தகவலுக்கு 'தனிநபர் தகவல்' என்ற பாதுகாப்பு போய்விடும். பாட்டி இறந்து 20 வருஷம் கழித்து, பேரன் உயிரோடு இருக்கும்போதே அது வெளியே வரலாம். அதே ஊரில்.

எதிர்ப்பக்கம் நின்றவர் விசாரணை முறையின் தலைமைத் தீர்ப்பாளர் டான் ஷபிரோ. "ரகசியம் காப்பாற்றப்படும் என்று சொல்லித்தான் இவர்களைப் பேச வைத்தோம். அந்த வாக்கை நம்பித்தான் பேசினார்கள். இப்போது வரலாறு என்று சொல்லி அதை மீறினால் அது இன்னொரு துரோகம்" என்பதுதான் அவர் தரப்பின் சாரம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும் வைக்கலாம், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும் என்றார்.

இந்தப் பக்கம் இன்னும் சிலரும் வந்து நின்றார்கள். கத்தோலிக்க சபை அமைப்புகள். அவர்களும் அழித்துவிடத்தான் சொன்னார்கள். இதைப் படித்ததும் என் ரத்தம் கொதித்தது உண்மை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களும் அந்த ஃபைல்களில்தானே இருக்கின்றன? டேப் எரிந்தால் அவர்களுக்கும் நிம்மதிதானே?

ஆக, பாதிக்கப்பட்டவரின் மானத்தைக் காப்பாற்றும் அதே பூட்டு, செய்தவனின் பெயரையும் சேர்த்துப் பூட்டுகிறது. இதில் தப்பிக்க வழியே இல்லை. எந்த நாட்டில் மூடிய கதவுக்குள் விசாரணை நடந்தாலும் இந்தச் சிக்கல் இருக்கும்.

அதோடு, கனடா அரசாங்கத்துக்குக் காகிதங்களைக் காணாமல் போகச் செய்வதில் பழைய அனுபவம் உண்டு. உண்மை ஆணையத்தின் அறிக்கையிலேயே இது இருக்கிறது. 1936லிருந்து 1944க்குள் பூர்வகுடி விவகாரத் துறையின் 2,00,000 ஃபைல்கள் அழிக்கப்பட்டன. பள்ளியில் நடந்த விபத்துகளைப் பற்றிய அறிக்கைகளைக்கூட 10 வருஷத்துக்குப் பிறகு அழிக்கலாம் என்று ஒரு கொள்கை இருந்தது. எத்தனை குழந்தைகள் செத்தார்கள் என்று இன்றைக்குத் துல்லியமாகச் சொல்ல முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சமீபத்திய உதாரணமும் உண்டு. ஒன்டாரியோவின் வடக்கே ஃபோர்ட் ஆல்பனி என்ற இடத்தில் செயின்ட் ஆன்ஸ் என்று ஒரு பள்ளி. குழந்தைகளை மின்சார நாற்காலியில் உட்கார வைத்து ஷாக் கொடுத்ததாக அங்கே படித்தவர்கள் சொன்னார்கள். 90களில் மாகாண போலீஸ் பெரிய விசாரணை நடத்தி ஏராளமான வாக்குமூலங்களைச் சேகரித்தது. அந்த ஆவணங்கள் மத்திய அரசின் கையில் இருந்தும், இழப்பீட்டு விசாரணைகளில் தீர்ப்பாளர்கள் முன்னால் வைக்கப்படவில்லை. 2014 ஜனவரியில் ஒன்டாரியோ நீதிபதி பால் பெரெல் "எடுத்து வையுங்கள்" என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

இந்த இரண்டையும் படித்தபோது நான் முழுக்க ஆணையத்தின் பக்கம். வைத்துத் தொலையுங்களேன், பூட்டி வையுங்கள், நூறு வருஷம் கழித்துத் திறங்கள், ஆனால் எரிக்காதீர்கள் என்றுதான் தோன்றியது.

ஒரு சொந்த விஷயம் இங்கே குறுக்கே வருகிறது. சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பிளஸ் டூ முடித்த லீவில் எங்கள் பாட்டியை உட்கார வைத்து அவருடைய சின்ன வயசுக் கதைகளை செல்போனில் பதிவு செய்தேன். குடும்ப மரம் போடுகிறேன் என்று ஒரு வேகம். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாவது நாள், தன் தங்கை ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்படி ஒரு தங்கை இருந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் பேசியிருப்பார். திடீரென்று நிறுத்தி, "அது ஓடுதாடா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "யாருக்கும் போட்டுக் காட்டிறாத, என்ன?" என்றார். சரி பாட்டி என்றேன். அழித்துவிடு என்றும் சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பாட்டி இறந்துவிட்டார். அந்த ஃபைல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அப்பா ஒருமுறை "அம்மா குரலைக் கேட்கணும் போல இருக்குடா" என்றபோது முதல் இரண்டு நாள் பதிவை மட்டும் போட்டேன்.

இதை நினைத்த பிறகு, அந்த வழக்கின் தீர்ப்புகளை மறுபடி படித்தேன். அதுவரை வரலாற்றுப் பிரியனாகப் படித்திருந்தேன்.

பெரெல் 2014 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னார். ஃபைல்களை 15 வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லி அவரவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். ஆவண மையத்துக்குத் தரச் சம்மதித்தவர்களின் ஃபைல் அங்கே போகும். மற்ற எல்லாமே அழிக்கப்படும்.

மேல்முறையீடு போனது. 2016 ஏப்ரலில் ஒன்டாரியோ அப்பீல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் பெரெல் பக்கம், ஒருவர் மாறுபட்டார். அரசாங்கம் விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. 2017 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக பெரெலின் உத்தரவை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர்கள் நீதிபதிகள் பிரவுன், ரோ.

தீர்ப்பின் அடிப்படை ரொம்ப எளிது. ஒப்பந்தச் சட்டம் படித்த யாருக்கும் புரியும். இது ஒரு ஒப்பந்தம். இதில் கையெழுத்துப் போட்டவர்கள் எதை மனதில் வைத்துப் போட்டார்கள்? ரகசியத்தை. ரகசியம் என்ற உறுதி இல்லாவிட்டால் பலர் பேசியே இருக்கமாட்டார்கள். மேலும் அந்த ஒப்பந்தத்திலேயே, விசாரணையின் எழுத்துப்படியை ஆவணக் காப்பகத்தில் வைக்கும் தேர்வு விண்ணப்பதாரருக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. தேர்வு அவருடையது என்றால், அவரைக் கேட்காமல் வைப்பதற்கு இடமில்லை.

என்னை யோசிக்க வைத்தது அதிலிருக்கும் இன்னொரு பகுதி. அந்தத் தேர்வு இருப்பதை யாரும் சொல்வதற்கு முன்பே செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள்தானே? அவர்களில் சிலர், "என் கதையை வையுங்கள், நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்" என்றும் சொல்லியிருக்கலாம். இப்போது கேட்க முடியாது. அவர்கள் ஃபைலும் அழியும். நீதிமன்றம் இதை மறைக்கவில்லை. சிலர் வைத்திருக்க விரும்பியிருக்கக்கூடிய ஆவணங்கள் அழிவதும் அநீதிதான், ஆனால் பெரும்பாலோர் யாருக்கும் தெரியாது என்று நம்பிச் சொன்னது வெளியே வருவதை விட அது சின்ன அநீதி என்று நேராகவே ஒப்புக்கொண்டது. இரண்டுமே அநீதி என்று சொல்லிவிட்டு, சின்னதைத் தேர்ந்தெடுத்த தீர்ப்பு. பூசி மெழுகாமல் இப்படி எழுதியதற்காகவே எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் மரியாதை.

நான் முழுக்க ஏற்றுக்கொண்டேனா என்றால், இல்லை. பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு வைத்திருக்கலாமே என்று நண்பன் ஒருவன் கேட்டான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சில நூறு பேர் இருக்கும் ஊர், ஒரே பள்ளி, வருஷம் இது, வயது இது என்று இருந்தால் பெயரே தேவையில்லை. ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஊர்க்காரர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதற்காக உலகத்திடமிருந்தே அழிப்பதா என்ற கேள்வி மட்டும் போக மறுக்கிறது. 2021 மே மாதம் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் தரையூடுருவும் ரேடார் வைத்துப் பார்த்து, புதைகுழிகளாக இருக்கக்கூடிய அடையாளங்கள் தெரிகின்றன என்று அறிவித்தபோது, கனடாவே அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து மறுப்பவர்களும் கிளம்பினார்கள். சின்க்ளேர் தரப்பு பயந்தது இதைத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பள்ளிகளில் என்ன நடந்தது என்பதற்கு இந்த ஃபைல்கள் மட்டுமே ஆதாரம் இல்லை. ஆணையத்திடம் விரும்பிப் பேசியவர்களின் பதிவுகள் வின்னிபெக்கில் இருக்கின்றன. அரசு, சபை ஆவணங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2015ல் ஆணையத்தின் அறிக்கையே வந்துவிட்டது. வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டுமென்றால், தருகிறேன் என்று வந்தவர்களிடமிருந்து நிறையவே கிடைத்திருக்கிறது. மறுப்பவன் இன்னொரு 38,000 ஃபைலைக் காட்டினால் மட்டும் நம்பிவிடப் போகிறானா என்ன!

தீர்ப்புக்குப் பிறகு 2019ல் 'என் ஆவணம், என் தேர்வு' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு அறிவிப்புத் திட்டம் தொடங்கினார்கள். விண்ணப்பித்தவர் தன் ஃபைலின் ஒரு பிரதியைத் தனக்கென்று வாங்கிக்கொள்ளலாம். ஆவண மையத்துக்குக் கொடுக்கலாம். கொடுத்தாலும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா, கட்டுப்பாட்டோடு மட்டும் பார்க்கலாமா என்று அவரே சொல்லலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் அழிப்பு. தேதி 2027 செப்டம்பர் 19. விண்ணப்பக் கடைசித் தேதியிலிருந்து சரியாக 15 வருஷம்.

வழக்கமாக இந்த மாதிரி படிவங்களில் நாம் டிக் அடிக்க மறந்தால் அது கம்பெனிக்குச் சாதகமாகத்தான் போகும். செல்போனில் ஒரு ஆப் போட்டால்கூட அப்படித்தான். இங்கே தலைகீழ். பதில் சொல்லாமல் இருந்தாலே அது "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளப்படும். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் மொத்த வழக்கும் இந்த ஒரு இடத்துக்காகத்தான் நடந்தது.

விசாரணைகளை நடத்திய செயலகம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் தங்கள் பிரதியைக் கேட்டு வாங்கினால் அதில் சில இடங்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும். அவர்கள் வாயால் அவர்களே சொன்ன பெயர்கள்தான். இன்னொருவருடைய ரகசியம் என்பதால் மறைத்திருக்கிறார்கள்.